ஆன்லைனில் வாங்கிய ஃப்ரிட்ஜ், எட்டு மாதத்தில் மூன்றாவது தடவை கூலிங் இல்லை. பணம் திரும்பக் கேட்க முடியுமா?

நெல்லைவாசி:

வணக்கம். போன அக்டோபர் பண்டிகைத் தள்ளுபடியில் ஆன்லைனில் 240 லிட்டர் டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கியது. விலை 26,990 ரூபாய். பில்லில் இருப்பது அந்தத் தளத்தின் பெயர் இல்லை. பெங்களூரு முகவரியில் வேறொரு நிறுவனம்.

ஏப்ரலில் கூலிங் நின்றது. கம்பெனி டெக்னீஷியன் வந்து கேஸ் சார்ஜ் செய்தார். ஐந்து வாரத்தில் மறுபடியும் அதே பிரச்சினை. ஃபில்டர் மாற்றி மறுபடியும் கேஸ். இப்போது மூன்றாவது தடவை. தளத்தில் கேட்டால் "7 நாள் ரிட்டர்ன் முடிந்துவிட்டது, கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார்கள். கம்பெனியோ "ரிப்பேர் செய்து தருவோம், மாற்றித் தரும் பாலிசி இல்லை" என்கிறது. பில்லில் உள்ள விற்பனையாளரின் நம்பரை யாரும் எடுப்பதே இல்லை. ஒரு வருட வாரண்டி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கம்ப்ரசருக்கு மட்டும் 10 வருடம்.

புது ஃப்ரிட்ஜோ பணமோ கேட்க உரிமை இருக்கிறதா? மூன்று பேரில் யார் பொறுப்பு? வழக்குப் போட பெங்களூரு போகணுமா, வக்கீல் வேண்டுமா?

---

வழக்கேடு:

கடைசிக் கேள்வி சுலபம். பெங்களூரு போக வேண்டாம், வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34ன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி கிடையாது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் "பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று போட்டிருந்தாலும் கவலை வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

இனி உரிமை. 7 நாள் என்பது அந்தத் தளம் தானே வைத்துக்கொண்ட விதி, சட்டம் வைத்த கெடு இல்லை. இ-காமர்ஸ் விதிகள் 2020இல் 6ஆம் விதி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. அதில் நாள் கணக்கு எதுவும் இல்லை. அதற்காக எட்டாவது மாதத்தில் கேட்டதும் பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். "வாரண்டி இருக்கிறது, ரிப்பேர் செய்ய வாய்ப்புக் கொடுத்தார்களா?" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். நீங்கள் இரண்டு வாய்ப்புக் கொடுத்துவிட்டீர்கள். அதுதான் உங்கள் பலம்.

மூன்று தடவை ரிப்பேர் ஆனால் புதுசு தரணும் என்று சட்டமே இருப்பதாக இணையத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அப்படி ஓர் எண்ணிக்கை நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை, நோட்டீஸில் அதை எழுதி வைக்காதீர்கள். பிரிவு 39 ஆணையத்துக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் இது: குறையை நீக்கு, மாற்றிக் கொடு, வட்டியோடு பணத்தைக் கொடு, நஷ்ட ஈடு கொடு. எதைச் சொல்வது என்பது ஆணையத்தின் கையில். ரிப்பேர் பலிக்கவில்லை என்று காகிதத்தில் காட்டினால் "ரிப்பேர் செய்து கொடு" என்ற உத்தரவோடு முடியும் வாய்ப்பு குறையும்.

யார் பொறுப்பு என்று நீங்களே முடிவு செய்யப் போகாதீர்கள். தயாரிப்பாளர், பில்லில் உள்ள விற்பனையாளர், தளத்தை நடத்தும் நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்ற இருவரும் அங்கே இல்லாதவர் தலையில் கட்டுவார்கள். தளம் "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 79ஐக் காட்டும். காட்டட்டும், அதை ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

---

குளிர்பெட்டி மெக்கானிக்:

சட்டத்தை மேலே சொன்னவர் பார்த்துக்கொள்வார். நான் இயந்திரத்தைச் சொல்கிறேன், வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இதில்தான்.

ஃப்ரிட்ஜில் உள்ள கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லை. வெல்டு வைத்து மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. பத்துப் பதினைந்து வருடமானாலும் குறையக் கூடாது. ஆறாவது மாதத்தில் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஜாப் ஷீட்டில், அதாவது டெக்னீஷியன் செய்த வேலையை எழுதித் தரும் தாளில், "கேஸ் சார்ஜ்" என்று எழுதியிருந்தால் அது கம்பெனியே எழுதிக் கொடுத்த ஒப்புதல். இதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ். அளவு மிகக் குறைவு, பொதுவாக 40 முதல் 70 கிராம். சரியான அளவு பின்பக்கம் அல்லது உள்ளே ஒட்டியிருக்கும் ரேட்டிங் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். இவ்வளவு குறைந்த கேஸில் 15 கிராம் போனாலே மேல் அறை பாதி உறையும், கீழ் அறையில் பால் திரிந்துபோகும். முறையாகச் செய்கிறவர் நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் நிற்கிறதா என்று பார்ப்பார். கசிவைப் பிடித்து அடைப்பார். குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் ஃபில்டரைக் கட்டாயம் புதிதாகப் போடுவார். வேக்கம் பம்ப் வைத்து அரை மணிக்குக் குறையாமல் இழுப்பார். டிஜிட்டல் தராசில் எடை பார்த்துத்தான் கேஸ் ஏற்றுவார். நைட்ரஜன் சிலிண்டரும் தராசும் இல்லாமல் ஒரு கேனோடு மட்டும் ஒருவர் வந்து முக்கால் மணியில் முடித்துவிட்டுப் போனால், அது நாலைந்து வாரத்துக்குத்தான் தாங்கும். உங்களுக்கு ஐந்து வாரம் தாங்கியிருக்கிறது.

கசிகிற இடம் முக்கியம். பின்பக்கம் டிரையர் வெல்டிங்கில் என்றால் சரி செய்துவிடலாம். சூட்டை வெளியே விடும் கண்டென்சர் குழாய் இப்போது பக்கச் சுவருக்குள் ஃபோமில் புதைந்து வருகிறது. ஃப்ரிட்ஜ் ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் சூடாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். கதவுச் சட்டத்தைச் சுற்றியும் ஒரு குழாய் ஓடும். இவற்றில் ஓட்டை விழுந்தால் பிரித்து அடைக்க வழியில்லை. வெளியே தனிக் கண்டென்சர் மாட்டுவார்கள், இல்லையென்றால் பெட்டியையே மாற்றணும். மூன்றாவது தடவை வருபவரிடம் "ஃபோமுக்குள் லீக்கா, வெளியே லீக்கா, ஷீட்டில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். உள்ளே என்று எழுதிவிட்டால் ரிப்பேர் செய்து தருவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்று. கம்ப்ரசர் 10 வருட வாரண்டி என்பது கம்ப்ரசர் என்ற அந்த ஒரு உருண்டைக்கு மட்டும். குழாய், காயில், ஃபில்டர், கேஸ், கூலி எதுவும் அதில் வராது. பதின்மூன்றாவது மாதத்தில் இதே கசிவு வந்தால் முழுக்காசும் நீங்கள்தான் கொடுக்கணும். நான்கு மாதம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

வெளி மெக்கானிக்கை வைத்துக் கை வைக்கவே வேண்டாம். வாரண்டியும் போகும், கசிவு எங்கே இருந்தது என்ற தடயமும் போகும்.

---

நெல்லைவாசி:

இருவருக்கும் நன்றி. ஒரு சிக்கல். முதல் தடவை வந்தவர் ஜாப் ஷீட் எதுவும் தரவில்லை. போனில் வந்த ஓடிபியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது தடவைக்கு மட்டும் ஷீட் இருக்கிறது. அதில் "ஃபில்டர் மாற்றம், கேஸ்" என்று கையெழுத்தில் உள்ளது. தளத்துக்கு அனுப்பியதெல்லாம் அவர்கள் ஆப்பின் சாட்டில்தான்.

---

வழக்கேடு:

அந்த ஓடிபி எதற்கு என்றால், வேலை முடிந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று கணக்கை மூடுவதற்கு. மூன்றாவது தடவை ஃப்ரிட்ஜ் ஒரு நாள் முழுக்க ஓடி, மேலறையில் ஐஸ் கட்டி, கீழறையும் குளிர்ந்தது என்று பார்த்த பிறகே அந்த எண்ணைச் சொல்லுங்கள். டெக்னீஷியன் அவசரப்படுவார், அன்றைய கணக்கு அன்றே மூடணும் என்று அவருக்கும் மேலே நெருக்கடி. வேலை முடியவில்லை என்றால் "நிலுவை" என்றே பதியச் சொல்லுங்கள்.

கிடைக்காமல் போன ஷீட்டுக்கு வழி இருக்கிறது. புகார் பதிந்தபோது எஸ்எம்எஸ்ஸில் ஒரு சர்வீஸ் எண் வந்திருக்கும், அதைத் தேடி எடுங்கள். பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு மாடல் எண், சீரியல் எண் போட்டு, "இந்தச் சீரியல் எண்ணுக்கு இதுவரை பதிவான எல்லாப் புகார்களின் தேதி, கண்டறிந்த குறை, மாற்றிய பாகம் ஆகியவற்றை அனுப்பவும்" என்று கேளுங்கள். அனுப்பினால் அதுவே சாட்சி. அனுப்பாவிட்டால், கேட்டும் தரவில்லை என்பது சாட்சி. இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு லாபம்தான்.

சாட்டை நம்பாதீர்கள். சில ஆப்களில் கொஞ்ச நாளில் அது காணாமலே போய்விடும். இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆக்குங்கள். அதன்பின் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது அதே இ-காமர்ஸ் விதிகளில் 4ஆம் விதி. 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். அதே மின்னஞ்சலில், 5ஆம் விதிப்படி விற்பனையாளரின் தலைமை அலுவலக முகவரி, கிளை முகவரிகள், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுங்கள் என்று எழுதுங்கள். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் தளம் கொடுத்தே ஆகவேண்டும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தாலும் சட்டப்படியான பெயர் தெரியும். நோட்டீஸ் திரும்பி வராமல் இருக்க இது உதவும்.

---

மனு எழுத்தர்:

நோட்டீஸ் பற்றி. சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்பிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வாங்கிய தேதி, பில் எண், விலை, மாடல், சீரியல் எண். பிறகு ஒவ்வொரு பழுதும் தேதியோடு ஒரு வரி. "சீல் செய்த குழாயில் திரும்பத் திரும்பக் கேஸ் குறைவது உற்பத்திக் குறை" என்று ஒரு வரி. கடைசியில் என்ன வேண்டும் என்பது: 26,990 ரூபாயைத் திருப்பித் தரவும், 15 நாள் அவகாசம். கோபம், சாபம், "உங்களைச் சும்மா விடமாட்டேன்" எதுவும் வேண்டாம். அந்தக் காகிதத்தை நாளைக்கு ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவரும் படிக்கப் போகிறார். மூவருக்கும் ஸ்பீடு போஸ்ட், அதோடு மின்னஞ்சலும். தபால் ரசீதையும், பட்டுவாடா ஆனதைக் காட்டும் டிராக்கிங் பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

இடையில் 1915க்கு அடித்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. நிறையப் பேர் அங்கே பதிந்ததையே கேஸ் என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். ஆணையத்துக்குப் போக இரண்டு வருடக் கெடு என்பது பிரிவு 69. உதவி மையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் அந்தக் கெடு நிற்காது.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், நுகர்வோர் ஆணையங்களுக்கு இணையத்தில் புகார் கொடுக்கும் இ-ஜாக்ரிதி தளம். 2025 ஜனவரி முதல் புகார்கள் இதில்தான், முன்பிருந்த இ-தாக்கில் என்ற தளம் இதற்குள் வந்துவிட்டது. மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, மாவட்ட ஆணையத்தைத் தேர்ந்தெடுத்து, புகார் மனு, தேதிவாரிப் பட்டியல், பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக ஏற்றணும். திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் மூன்று காரணத்தால்: பக்க எண் போடாதது, பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி முத்திரை இல்லாதது, மங்கலான பில். வெப்பத்தால் அச்சாகும் வழுவழுப்புத் தாளில் வந்த பில் என்றால் இப்போதே ஸ்கேன் செய்யுங்கள், ஒரு வருடத்தில் எழுத்தே இருக்காது. ஏற்றிய பிறகும் காகிதப் பிரதி கேட்கிற ஆணையங்கள் உண்டு. எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு செட் தயாராக இருக்கட்டும்.

கோரிக்கையில் அடக்கம் வேண்டும். 27 ஆயிரம் ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு மன உளைச்சல் 5 லட்சம் என்று எழுதினால் மனுவின் மதிப்புதான் குறையும். விலை, அதற்கு வட்டி, நியாயமான நஷ்ட ஈடு, வழக்குச் செலவு. "மாற்றாக, அதே வகைப் புதிய ஃப்ரிட்ஜ்" என்று ஒரு வரியும் சேருங்கள்.

மனு ஏற்கப்பட்ட பிறகு நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள். 45க்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தேதியைக் குறித்து வைத்திருங்கள். 46ஆவது நாள் பதில் மனுவைக் கொண்டுவந்தால் ஆட்சேபியுங்கள். வழக்கு 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடியணும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும்.

---

குளிர்பெட்டி மெக்கானிக்:

பரிசோதனை என்றதும் ஒன்று. "உற்பத்திக் குறை என்று நிபுணர் சொன்னாரா?" என்று கேட்பார்கள். பிரிவு 38ன்படி ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டச் சொல்லலாம். ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாடு. ஷீட்டில் கசிவு இருக்கும் இடம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அதுவரை போகாமலே முடிய வாய்ப்பு உண்டு.

"வோல்டேஜ் ஏறி இறங்கியதால்" என்று ஷீட்டில் எழுத வந்தால் விடாதீர்கள். வோல்டேஜ் அடித்தால் போவது போர்டு, கம்ப்ரசர். குழாயில் ஓட்டை விழாது.

---

டீக்கடை கணக்கு:

ஒரு கிளைக் கேள்வி. ஜிஎஸ்டி எண் போட்டால் கொஞ்சம் விலை குறைகிறது என்று கடைப் பெயரில் பில் வாங்கியிருந்தால்?

---

வழக்கேடு:

அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நீங்கள் "நுகர்வோர்" இல்லை என்று பிரிவு 2(7) சொல்கிறது. சுயதொழிலில் பிழைப்புக்காக நீங்களே பயன்படுத்தினால் விலக்கு உண்டு. ஒற்றை ஆள் நடத்தும் டீக்கடைக்கு அதை வாதாடலாம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருளில் கடை எண்ணைப் போட்டு, வரிக் கழிவும் எடுத்திருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீங்களே ஆயுதம் எடுத்துக் கொடுத்த மாதிரி. போதாததற்கு வீட்டு மாடல் ஃப்ரிட்ஜைக் கடையில் வைத்தால் வாரண்டி செல்லாது என்று பல வாரண்டி அட்டைகளில் இருக்கும்.

---

தூத்துக்குடி டிவி:

எனக்கு வாரண்டி முடிந்து இரண்டு மாதம். 43 அங்குல டிவியில் குறுக்கே கோடு. பேனல் விலை டிவி விலையில் முக்கால்வாசி சொல்கிறார்கள். வழி உண்டா?

---

வழக்கேடு:

உண்டு, ஆனால் நெல்லைக்காரரின் கேஸை விடக் கடினம். "குறைபாடு" என்பதற்குச் சட்டத்தில் உள்ள விளக்கம் வாரண்டிக் காலத்தோடு கட்டப்பட்டதில்லை. ஆனால் வாரண்டி முடிந்தபின் அது முதலிலேயே இருந்த குறை என்று காட்டும் சுமை முழுக்க உங்கள் மேல். வாரண்டிக்குள் ஒரு தடவையாவது திரையைப் பற்றிப் புகார் பதிந்திருந்தால் அந்த எண்ணைத் தேடுங்கள், கேஸே மாறிவிடும். பதியவில்லையென்றால் முதலில் கம்பெனிக்கு எழுதி, பேனல் விலையில் கழிவு கேளுங்கள். சேவை மேலாளர் மட்டத்தில் பாதி விலைக்கு ஒத்துக்கொள்வது உண்டு. வாங்கும்போது தளத்தில் கூடுதல் வாரண்டித் திட்டம் எடுத்தீர்களா என்றும் பாருங்கள். அதை நடத்துவது பெரும்பாலும் வேறு நிறுவனம். கம்பெனி வாரண்டி முடிந்த மறுநாள் அது தொடங்கும். எடுத்ததையே மறந்தவர்கள் ஏராளம்.

---

நெல்லைவாசி:

இன்று காலை கம்பெனியிலிருந்து போன். ஷீட்டில் "உள் கசிவு" என்று எழுதச் சொல்லி டெக்னீஷியனிடம் நின்று வாங்கினேன், அது மேலே போயிருக்கிறது போல. தேய்மானம் 20 சதவீதம் கழித்து மீதியைத் தருகிறோம், நாளைக்கே ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

---

மனு எழுத்தர்:

20 சதவீதம் என்றால் 5,398 ரூபாய் போகும். எட்டு மாதத்தில் கடைசி மூன்று மாதம் ஃப்ரிட்ஜ் சரியாக ஓடவில்லை என்று எழுதி, முழுத்தொகை அல்லது அதே கொள்ளளவில் புதிய மாடல் என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். இறங்கி வருவார்கள். வராவிட்டால், ஒரு வருட அலைச்சலையும் இந்த 5,398ஐயும் தராசில் வைத்து நீங்களே முடிவெடுங்கள்.

எதுவானாலும் போனில் பேசியதை மின்னஞ்சலில் வாங்குங்கள்: தொகை எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, எத்தனை நாளில். பணம் வருவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜைத் தூக்க வந்தால், சீரியல் எண் போட்ட ரசீது இல்லாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள். ஏற்றுவதற்கு முன் ரேட்டிங் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.